காய்ந்த செடியைப் பிடுங்க மாட்டேன்

நிர்வாகத்தில் யாரும் ஒத்துழைக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண் அதிகாரி போன் செய்தார். மதில் ஓரத்தில் இப்போது ‘நாட்டு மலர்த் தோட்டம்’ என்று பலகை வைத்திருக்கிறார்களாம். அவர்களுடைய ஆண்டு மலரில் போட அதைப் பற்றி நான் எழுதித் தரவேண்டுமாம். “நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து உருவாக்கினதுன்னு வர்ற மாதிரி எழுதுங்கம்மா” என்றார். நல்ல பெண், மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன். போட்டால் போடட்டும்.

என் பெயர் கன்னியம்மா. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு ஏரிக்கரை ஊர். பத்தாவது வரை படித்தவள். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊர்த் தரிசைச் சமன் செய்து, கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலை வந்தது. அதற்கு முந்தின வருடம்தான் என் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்தார். இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் ஒப்பந்தக்காரர் மூலமாகத் தோட்ட வேலைக்குப் போனேன். மொத்தம் பத்துப் பெண்கள். பதினைந்து நாள் பயிற்சி. புல் பாய் விரிப்பது, அதன் மேல் உருளை ஓட்டுவது, களை பிடுங்குவது, அதிகாரி வந்தால் எழுந்து நிற்பது. அவ்வளவுதான்.

எங்களுக்கு மேலே வரதராஜன் சார். கட்டடம், கேன்டீன், கேட், தோட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கழிவறை கழுவுகிற பெண்ணைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். காலையில் ஷிப்ட் பஸ்கள் வந்து நிற்கிற நேரத்தில் புல்தரையில் குனிந்து ஸ்கேலை நட்டுப் பார்ப்பார். புல் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்காவது களை கண்ணில் பட்டால் பிடுங்க மாட்டார், எங்களைக் கூப்பிடவும் மாட்டார். ஒரு வெள்ளைச் சீட்டில் ‘களை 1’ என்று எழுதி, செடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் கீழே செருகிவிட்டுப் போய்விடுவார். செடியையும் சீட்டையும் சேர்த்து மாலையில் அவர் மேசை மேல் நாங்கள் வைக்க வேண்டும். கத்துகிற அதிகாரியிடம் பதிலுக்குக் கத்தலாம். இவரிடம் என்ன செய்வது?

தரையைச் சமன் செய்தபோது வழித்த மேல்மண்ணைக் கேன்டீனுக்குப் பின்னால் மேடாகக் குவித்து அப்படியே விட்டுவிட்டார்கள். முதல் ஐப்பசி மழை பெய்தது. கார்த்திகையில் மேடு பச்சையாயிற்று. தை பிறக்கும்போது பூத்துவிட்டது. மேலே தும்பை வெள்ளையாக, சரிவில் கொழிஞ்சி ஊதாவாக, காலடியில் விஷ்ணுகிராந்தி நீலமாக. நடுநடுவே மஞ்சளாகக் கிலுகிலுப்பை, இரண்டு மூன்று ஆவாரைக் கன்று. யாரும் விதைக்கவில்லை. புல்டோசர் புரட்டிப் போட்ட மண்ணுக்குள் விதை கிடந்திருக்கிறது.

வரதராஜன் சார் வந்து பார்த்தார். “ரோட்டிலருந்து தெரியுதா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “அப்ப இருக்கட்டும்” என்று போய்விட்டார்.

கோடையில் மேடு காய்ந்து வெறும் மண்ணாயிற்று. அடுத்த மழையில் அந்த மண் கரைந்து ஓடிக் கேன்டீன் சாக்கடையை அடைத்து, சமையலறைக்குள் முழங்கால் தண்ணீர். உடனே சரிவில் புல் பாய் விரிக்கச் சொன்னார்கள். விரித்தோம். அது பாயோடு வழுக்கிக் கீழே வந்தது. மறுபடி விரித்தோம். மறுபடி வந்தது.

“சார், போன வருசம் பூத்துச்சே, அதுங்களையே நெறைய வெதைச்சுடலாம் சார். வேரு புடிச்சுக்கும்” என்றேன்.

“விதை எங்க கிடைக்கும்?”

“செடிலதான் சார்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் நான் உள்ளே நுழைந்துகொண்டேன்.

விதை எடுப்பது யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்த வேலை இல்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். கொழிஞ்சிக் காய் வெயில் ஏறினால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். பத்து மணிக்குப் போனால் வெறும் தோல்தான் தொங்கும். அதனால் பனி ஈரம் இருக்கும்போதே பறித்து, துணிப் பைக்குள் போட்டு வாயைக் கட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். மதியம் பைக்குள்ளேயே படபடவென்று வெடிக்கும். கிலுகிலுப்பை பிரச்சினை இல்லை, காயை ஆட்டினால் உள்ளே சலங்கை மாதிரி சத்தம் வரும், அதுதான் பதம். தும்பையைத் தண்டோடு அறுத்துத் தலைகீழாகக் காகிதப் பையில் போட்டுத் தட்டினால் போதும். விஷ்ணுகிராந்திதான் பொறுமையைச் சோதிக்கும். ஒரே செடியில் ஒரு காய் பழுக்கும்போது இன்னொன்று பூத்துக்கொண்டிருக்கும். பெயின்ட் அடிக்கும் பிரிவில் தூக்கிப்போட்ட மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்துவந்து, செடிக்கு அடியில் உதிர்ந்த தூசியோடு சேர்த்துக் கூட்டி எடுப்பேன். பிறகு சலிப்பேன்.

ஆவாரை மூன்று மாதம் என்னை ஏமாற்றியது. எத்தனை விதைத்தாலும் முளைக்கவில்லை. ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் போகிற சிமென்ட் பாதையில் என் பை கிழிந்து விதை சிதறிவிட்டது. பொறுக்கினது போக மிச்சம் கிடந்தது. ஒரு வாரம் அதன் மேல் சக்கரம் ஏறி இறங்கிற்று. பிறகு பெய்த மழையில் பாதை ஓரமாக வரிசையாக ஆவாரை முளைத்திருந்தது. சக்கரத்துக்கும் மணலுக்கும் நடுவில் அரைபட்டதில் விதையின் கெட்டித் தோல் தேய்ந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு டப்பாவுக்குள் சுற்றிலும் உப்புத்தாள் ஒட்டி, ஆவாரை விதையைப் போட்டுக் குலுக்குவேன். பளபளப்பு போய் மங்கலாகும் வரை குலுக்க வேண்டும். பத்துக்கு ஏழு முளைத்தது.

உதிரி பாகங்கள் வருகிற அட்டைப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சுவதற்கென்று சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலம் இருக்கும். பிரித்தவுடன் குப்பையில் போடுவார்கள். நான் சேர்த்துவைத்து விதை டப்பாவுக்குள் இரண்டிரண்டு போட்டேன். ஒரு விதைகூடப் பூசணம் பிடிக்கவில்லை.

இதற்கெல்லாம் என்னோடு நின்றவள் முத்துலட்சுமி. கோவில்பட்டிப் பக்கம். புருஷன் அசெம்பிளி லைனில், இவள் தோட்டத்தில், வல்லக்கோட்டை போகிற வழியில் ஒற்றை அறை வாடகைக்கு. முதல்நாள் என்னைப் பார்த்து, “ஏக்கா, கொளுஞ்சிய எங்க ஊர்ல வயலுக்கு உரமாப் போட்டு மிதிப்போம். இங்கன என்னடான்னா பொன்னு மாதிரி பொட்டலம் கட்டுதீக” என்று சிரித்தாள். மறுநாள் அவளும் ஒரு துணிப் பை தைத்துக்கொண்டு வந்தாள்.

மூன்று மழை போயிற்று. மேடு கரையவில்லை. கேன்டீன் சாக்கடையும் அடைக்கவில்லை. ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாக்கடை அடைத்தால்தான் பேச்சு வரும்.

அப்புறம் மழை பொய்த்த வருடம் வந்தது. எங்கள் ஏரி பாளம் பாளமாக வெடித்தது. ஏரிக்கரைக் கிணறு ஒன்றில்தான் தண்ணீர். அந்தக் கிணற்றிலிருந்துதான் தொழிற்சாலைப் புல்தரைக்கும் டேங்கர் லாரி போயிற்று. காலையில் என் சின்னப் பெண் குடத்தோடு வரிசையில் நிற்பாள். நான் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு போய், அதே தண்ணீரைக் குழாயில் பிடித்துப் புல்லுக்கு அடிப்பேன். அதைச் செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. செய்தேன்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை வரதராஜன் சார் என்னைக் கேன்டீனுக்குப் பின்னால் கூப்பிட்டார். மேடு முழுக்கச் செடி காய்ந்து, குச்சியும் சருகுமாக நின்றது. காட்டுச் செடிக்கு இதுதான் வாழ்நாளிலேயே அசிங்கமான காலம். விதை பழுக்கிறதும் இதே காலத்தில்தான்.

“பத்து நாள்ல வெளிநாட்டிலருந்து சேர்மன் வரார். கேன்டீனையும் பார்ப்பார்” என்றார். “இதைச் சுத்தம் பண்ணிடுங்க. திங்கட்கிழமை களைக்கொல்லி அடிச்சு, வழிச்சுட்டு, லான் போட்டுடலாம். தண்ணிக்கு லாரி ரெண்டு நடை கூடுதலா சொல்லியிருக்கேன்.”

“எங்கேருந்து சார் அந்த லாரி?”

“அது ஒப்பந்தக்காரர் விஷயம்.”

“எங்க ஊர்க் கெணறு சார் அது. நாலு கொடத்துக்கு எம் பொண்ணு ரெண்டு மணி நேரம் நின்னுகினு கீறா. இங்க புல்லு குளிக்குது.”

அவர் ஒரு காய்ந்த குச்சியை ஒடித்துக் காட்டினார். “கன்னியம்மா, இது செத்த செடி. பார்க்கக் குப்பை மாதிரி இருக்கு. இதுக்காகப் பேசாதீங்க.”

“சாவல சார். வெதை கட்டிகினு கீது. இன்னும் பாஞ்சு நாள் வுட்டீங்கன்னா முழுசா எடுத்துடுவேன். அப்பால நானே வழிச்சுத் தரேன்.”

“பதினஞ்சு நாள் என்கிட்ட இல்ல.”

“அப்ப நான் மருந்து அடிக்க மாட்டேன் சார். புடுங்கவும் மாட்டேன்.”

அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைச் சீட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். “எழுதிக் குடுத்துடுங்க.”

இப்படிச் சொன்னால் பின்வாங்கிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. வீட்டில் அடுப்பு எரிவது என் ஒருத்தி சம்பளத்தில் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ‘காய்ந்த செடியைப் பிடுங்க மாட்டேன். மருந்து அடிக்க மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. ஆனால் அடித்துத் திருத்தவில்லை.

மாலையில் ஒப்பந்தக்காரர் வந்து, சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

அந்த இரண்டு நாளில் மேட்டில் என்னென்ன பழுத்திருந்ததோ அத்தனையும் எடுத்தேன். காலை பஸ்ஸில் இறங்கியதும் கொழிஞ்சி. வெயில் ஏறியதும் கிலுகிலுப்பை. டீ நேரத்தில் முத்துலட்சுமி தும்பையைக் கட்டுக்கட்டாக அறுத்துப் போட்டாள். மற்ற பெண்கள் முதலில் தள்ளி நின்று பார்த்தார்கள். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேர் தட்டைக் கழுவிவிட்டு வந்து, குனிந்து பறிக்க ஆரம்பித்தார்கள். பழுக்காத காயை நான் தொடவில்லை, அவர்களையும் தொடவிடவில்லை. பச்சைக் காயில் எடுக்கிற விதை வெறும் உமி. அதையெல்லாம் திங்கட்கிழமை மருந்துக்கு விட்டுவிட்டு வருவதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஒரு கோணிப் பை நிறைந்தது. கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். “இன்னாக்கா மூட்டை?”

“வெதை.”

“கேட் பாஸ் இல்லாம ஒரு ஆணிகூட வெளிய போவாதுக்கா. எனக்கு வேலை போயிடும்.”

திரும்பி நடந்து வரதராஜன் சாரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டி, “கேட் பாஸ் வேணும் சார், ஒரு மூட்டை வெதைக்கு” என்றேன்.

அவர் பாஸ் புத்தகத்தைத் திறந்தார். ஏதோ எழுதிக் கிழித்துக் கொடுத்தார். ‘தோட்டக் குப்பை, ஒரு மூட்டை’ என்று இருந்தது.

“வெதைன்னு எழுதல சார்.”

“விதைன்னா அது கம்பெனி சொத்து, வெளிய போக முடியாது. குப்பைன்னா போகலாம்” என்றார், புத்தகத்தை மூடிக்கொண்டே.

அவர் எனக்கு உதவி செய்தாரா, என்னை மட்டம் தட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று யோசிக்கவும் இல்லை. “குப்பைன்னா குப்பை சார். மொளைக்கிறப்ப பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன்.

ஒரகடத்தில் தெற்கத்திப் பையன்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை கிடைத்தது. விடிவதற்கு முன்னால் நூறு பேருக்கு இட்லி. மண்மேட்டில் மருந்து அடித்து, வழித்து, புல் போட்டதாக முத்துலட்சுமி வந்து சொன்னாள். சேர்மன் வந்திருக்கிறார். “அங்கிட்டு எட்டியே பாக்கலக்கா. வாசலோட காருல ஏறிப் போய்ட்டாரு” என்றாள். வைகாசிக்குள் அந்தப் புல் செத்துவிட்டது.

தொழிற்சாலை மதிலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஆறடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் நீளமாகக் கிடக்கிறது. கம்பெனியுடையது இல்லை, ரோட்டுக்காரர்களுடையது. டீக் கப்பும் பிளாஸ்டிக்கும் தவிர அதில் எதுவும் இல்லை. புரட்டாசிக் கடைசியில் நான் அங்கே விதைத்தேன். ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் முத்துலட்சுமியும் அந்த ஐந்து பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, மண்ணைக் களைக்கொத்தால் கீறிவிட்டோம். விதை ஒரு பங்குக்குக் காய்ந்த மணல் பத்துப் பங்கு. எறும்பு இழுக்காமல் இருக்க வேப்பம் புண்ணாக்குத் தூள். நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை என்று வீசினோம். மண் போட்டு மூடவில்லை. வெறும் காலால் மிதித்துக்கொண்டே போனோம். அவ்வளவுதான்.

மழை அந்த வருடம் தாமதமாக வந்தாலும் வந்தது. நாங்கள் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. தை மாதம் மதில் நீளத்துக்கும் மஞ்சளும் ஊதாவும் வெள்ளையும். ஆவாரை மட்டும் பூக்கவில்லை, முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதற்கு இன்னொரு வருடம் வேண்டும்.

ஒருநாள் காலை ஹாஸ்டல் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முத்துலட்சுமி இறங்காமலே கத்தினாள். “யக்கா, ஜேசிபி வந்து நிக்கி. கம்பெனிக்கு வெளிய காடு மாதிரி கெடக்குன்னு வழிக்கச் சொல்லிருக்காங்க.”

சாம்பாரை அப்படியே விட்டுவிட்டு ஏறினேன். நாங்கள் போனபோது பத்தடி வழித்தாயிற்று. நேரே போய் இரும்புக் கைக்கு முன்னால் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். டிரைவர் இறங்கிவந்தார். “ஏம்மா, எனக்கு வேற எடத்துல வேலை கீது. எந்திரி.”

“இது யார் எடம்பா?”

“எனக்கு இன்னா தெரியும்? வழிக்கச் சொன்னாங்க, வழிக்கிறேன்.”

“எழுதி வாங்கிகினு வந்தியா?”

அவரிடம் எழுத்து எதுவும் இல்லை. முத்துலட்சுமி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் ஷிப்ட் விட்டு வெளியே வந்த பெண்களில் நான்கு பேர், யூனிஃபார்மிலேயே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வேலை போயிருக்கலாம். எனக்கு அந்தக் கம்பெனியில் போவதற்கு வேலையே இல்லை. அதனால் அன்றைக்குத் தைரியம் அவர்களுடையதுதான், என்னுடையது இல்லை.

அரைமணி கழித்து வரதராஜன் சார் நடந்து வந்தார். கேட்டுக்கு வெளியே அவர் காரில்லாமல் வந்து நான் பார்த்ததே இல்லை. மதில் ஓரமாகவே கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

“எத்தனை லாரி தண்ணி விட்டீங்க?”

“ஒரு கொடம்கூட இல்ல சார்.”

“உரம்?”

“இல்ல.”

மதிலுக்கு மேலே உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே புல்தரை தவிட்டு நிறத்தில் கிடந்தது. பிறகு டிரைவரிடம், “நீங்க மெஷினை எடுத்துட்டுப் போங்க” என்றார். என்னிடம், “திங்கட்கிழமையிலருந்து வேலைக்கு வாங்க” என்றார், நேற்றுதான் லீவில் போனவளிடம் சொல்வது போல.

நான் எழுந்திருக்கவில்லை. “வரேன் சார். மருந்து அடிக்க மாட்டேன். வெதை எடுக்கிற மாசத்துல நான் சொல்ற வரிக்கும் காய்ஞ்ச செடிய யாரும் தொடக் கூடாது. எங்க கெணத்துக்கு லாரி வரக் கூடாது.”

“முதல் ரெண்டும் என் கையில இருக்கு. மூணாவது இல்ல.”

“அப்ப மூணாவத நாங்க பாத்துக்கறோம்.”

பார்த்துக்கொண்டோம். அந்தக் கோடையில் ஊர்ப் பெண்கள் குடத்தோடு கிணற்றைச் சுற்றி உட்கார்ந்தோம். நான்காம் நாள் லாரி வரவில்லை. வேறு ஊர்க் கிணற்றுக்குப் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வாசலில் இருக்கிற பெரிய புல்தரையும் நான் ஓய்வு பெறும் வரை அப்படியேதான் இருந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து வரதராஜன் சார் மாற்றலாகிப் போனார். என்னைத் தோட்ட மேற்பார்வையாளராகப் போட்டுவிட்டுத்தான் போனார். அந்தப் புரட்டாசியில் கேட்டுக்கு உள்ளே, கொடிக் கம்பத்தைச் சுற்றி, புல் கருகிப்போன ஒரு பெரிய வட்டம் இருந்தது. ரோட்டிலிருந்து நன்றாகத் தெரிகிற இடம். நாங்கள் ஏழு பேரும் யூனிஃபார்மோடு, பட்டப்பகலில், மண்ணைக் கீறி நீளவாக்கில் வீசி முடித்திருந்தோம். வல்லக்கோட்டைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

புதிதாக வந்த அதிகாரி கட்டடத்திலிருந்து வேகமாக இறங்கி வந்து, நேராக வட்டத்துக்கு நடுவில் நின்றார்.

“என்ன பண்றீங்க இங்க? யார் பர்மிஷன் குடுத்தாங்க?”

யாரும் கொடுக்கவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றேன். “காலடியில வெதை கீது.”

அவர் ஒரு காலைத் தூக்கிக் கீழே பார்த்தார். பிறகு இரண்டு எட்டு வைத்துச் சிமென்டில் போய் நின்றார். நாங்கள் குறுக்குவாக்கில் வீச ஆரம்பித்தோம்.